வீட்டுத் தோட்டமே எல்லைப்புறம்: எறும்பையும் காக்கையையும் எழுதிய கஸ்டம்ஸ் அதிகாரி ஈ.எச்.ஏ. யார்?

பால்கனித் தொட்டியில் தேன்சிட்டு கூடு கட்டினால் இன்று என்ன செய்வோம்? போனை எடுத்துப் படம் பிடிப்போம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். கொஞ்சம் ஆர்வம் அதிகம் உள்ளவர்கள் ஐ-நேச்சுரலிஸ்ட், ஈ-பேர்டு போன்ற செயலிகளில் தேதி, இடத்தோடு பதிவு செய்வார்கள். இதுக்கெல்லாம் விலங்கியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு செடியும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

வீட்டைச் சுற்றிப் பார்த்ததை எழுதி வைத்தால் அதுவும் அறிவியல்தான் என்ற எண்ணம் இந்தியாவில் வேரூன்றியதில் ஒரு கஸ்டம்ஸ் அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கென். புத்தகங்களில் மூன்றே எழுத்துதான்: ஈ.எச்.ஏ.

காந்திக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரியும். இந்தியாவின் மிகப் பழைய இயற்கை ஆர்வலர் அமைப்புகளில் ஒன்றான பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். அதற்கும் விடை இவரிடம்தான் இருக்கிறது.

சதாராவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்

1851 ஆகஸ்ட் 16 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள சதாராவில் பிறந்தார் எய்ட்கென். அப்பா ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையின் மிஷனரி. அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆறேழு வயதானதும் கப்பலேற்றி அனுப்பிவிடுவது வழக்கம். இந்தக் குடும்பம் அப்படிச் செய்யவில்லை. பையனுக்கு அப்பாவே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., எம்.ஏ. முடித்தார்.

1870 முதல் 1876 வரை புனே டெக்கான் கல்லூரியில் லத்தீன் கற்பித்தார். அதற்குப் பிறகு கிடைத்த வேலைக்கும் லத்தீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1876 ஏப்ரலில் பம்பாய் மாகாண அரசின் சுங்கம் மற்றும் உப்புத் துறையில் சேர்ந்தார். அப்போது வயது 24.

உப்புத் துறை என்றால் அன்று சாதாரண விஷயம் இல்லை. உப்பு மீதான வரி பிரிட்டிஷ் அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. அரசுக்குத் தெரியாமல் யாரும் உப்பு எடுக்கக் கூடாது, கடத்தக் கூடாது. அதைக் கண்காணிக்க ஊர் ஊராகக் காவல் சாவடிகள், உப்புக் காவலர்கள், அவர்களுக்கு மேலே அதிகாரிகள். இந்த வரியை எதிர்த்துத்தான் 1930-ல் காந்தி தண்டிக்கு நடந்தார். எய்ட்கென் நல்ல எழுத்தாளர், நல்ல மனிதர் என்றெல்லாம் சொல்லும்போது, அவர் சம்பளம் வாங்கியது அந்த இயந்திரத்திடம் என்பதையும் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புழுதிப்பட்டிக்கு ஒரு போஸ்டிங்

அவருக்குக் கிடைத்த போஸ்டிங்குகளில் ஒன்று காராகோடா. குஜராத்தில் கட்ச் சிறு பாலைநிலத்தின் விளிம்பில் இருக்கும் உப்பளப் பகுதி. அகாரியா மக்கள் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டி இன்றும் அங்கே உப்பு விளைவிக்கிறார்கள். வெயில், வெள்ளைத் தரை, புழுதி. படித்த, பேச்சுத்துணை தேடும் ஒரு இளைஞருக்கு அதைவிடப் போரடிக்கும் ஊர் கிடைக்காது. ஐ.டி. வேலையில் சேர்ந்து, ஆள் அரவமில்லாத ஊரில் ஒரு கிளையன்ட் சைட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு இது கொஞ்சம் புரியலாம்!

இப்படிப்பட்ட ஊர்களில் மாட்டிக்கொண்ட வெள்ளை அதிகாரிகள் வழக்கமாகச் செய்தவை குடி, சீட்டாட்டம், வேட்டை, ஊருக்குக் கடிதம் எழுதிப் புலம்பல். எய்ட்கென் தன் பங்களாவையும் அதைச் சுற்றியிருந்த தோட்டத்தையும் கவனிக்க ஆரம்பித்தார். கூரையில் எலி, சுவரில் பல்லி, விளக்கைச் சுற்றிப் பூச்சி, தாழ்வாரத்தில் எறும்பு, முற்றத்தில் காகம், மழை வந்தால் தவளை. யாரும் ரயிலேறி வந்து பார்க்கும் விலங்கு அதில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கவனிப்பிலிருந்து 1883-ல் வந்த புத்தகம்தான் 'தி டிரைப்ஸ் ஆன் மை ஃபிரான்டியர்'. என் எல்லைப்புறத்துப் பழங்குடிகள் என்று தமிழில் சொல்லலாம். இந்தத் தலைப்பில் இருக்கும் நக்கல் புரிய வேண்டுமென்றால் அன்றைய செய்தித்தாளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1878 முதல் 1880 வரை இரண்டாம் ஆப்கன் போர் நடந்திருந்தது. வடமேற்கு எல்லை, எல்லைப்புறப் பழங்குடிகள், அவர்களிடம் என்ன வெளியுறவுக் கொள்கை என்று இதையே சீரியஸாகப் பேசிக்கொண்டிருந்த காலம். எய்ட்கென் தன் புத்தகத்துக்குத் துணைத்தலைப்பாக, ஓர் இந்திய இயற்கையாளரின் வெளியுறவுக் கொள்கை என்று வைத்தார். அவருடைய எல்லைப்புறம் தோட்டத்து வேலி. பழங்குடிகள் எறும்பும் தவளையும் வௌவாலும். சில இனங்களோடு போர், சிலவற்றோடு சமாதானம், சிலவற்றைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுதல். மாடியில் தொட்டி வைத்து மாவுப்பூச்சியோடும் அணிலோடும் மல்லுக்கட்டும் எவருக்கும் இந்த வெளியுறவுக் கொள்கை உடனே புரியும்.

புத்தகத்தில் அவர் காராகோடா என்று எழுதவில்லை. டஸ்டிப்பூர் என்று பெயர் வைத்தார். நம் ஊர் வழக்கில் புழுதிப்பட்டி.

தோட்டத்துப் பறவைகளுக்கு ஒரு அத்தியாயம், மாந்தோப்புப் பறவைகளுக்கு ஒன்று, குளத்துப் பறவைகளுக்கு ஒன்று என்று பிரித்திருந்தார். பட்டாம்பூச்சிக்கு இரண்டு அத்தியாயங்கள்: ஒன்று வலையோடு துரத்துவது பற்றி, இன்னொன்று உட்கார்ந்து யோசிப்பது பற்றி. கரையானுக்கும் தனி அத்தியாயம் உண்டு. அந்தக் காலத்து இந்தியப் பறவை நூல்கள், குறிப்பாக டி.சி. ஜெர்டன் 1860-களில் எழுதிய பெரிய தொகுதிகள், துறை ஆட்களுக்கானவை. இறகின் நீளம், அலகின் நிறம் என்று அளவுகளாக இருக்கும். ஈ.எச்.ஏ.-வின் எழுத்தில் பறவை எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முதலில் வரும். காகத்தைக் காகமாகப் படிக்கலாம்.

எட்டுப் பேர், ஒரு கழகம்

அதே 1883. செப்டம்பர் 15 அன்று பம்பாயில் எட்டுப் பேர் கூடினார்கள். இடம், இன்று டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் அன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். பார்த்ததைப் பகிர்ந்துகொள்ள, சேகரித்ததைக் காட்ட, ஒரு அமைப்பு தொடங்கலாம் என்பது திட்டம். அதுதான் பி.என்.எச்.எஸ். என்று இன்று நாம் சொல்லும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். எட்டுப் பேரில் எய்ட்கெனும் ஒருவர். முதல் கௌரவச் செயலாளரும் அவரே. 1886 மார்ச் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

எட்டில் ஆறு பேர் ஐரோப்பியர்கள், இரண்டு பேர் இந்தியர்கள். இந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒருவர் டாக்டர் ஆத்மாராம் பாண்டுரங், மகாராஷ்டிரத்தில் சமூக, சமயச் சீர்திருத்தம் பேசிய பிரார்த்தனை சமாஜத்தைத் தொடங்கியவர். மற்றவர் டாக்டர் சகாராம் அர்ஜுன். மருத்துவத் தாவரங்களில் ஆழ்ந்த அறிவு உள்ளவர். குழந்தைத் திருமணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் போராடி, பின்னாளில் மருத்துவரான ருக்மாபாயின் வளர்ப்புத் தந்தையும் இவர்தான். கழகத்தின் கதையை வெறும் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக் கதையாக மட்டும் சொல்வது சரியல்ல என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

1886-ல் கழகத்தின் ஆய்விதழ் தொடங்கியது. ஆர்.ஏ. ஸ்டெர்ன்டேலும் எய்ட்கெனும் அதன் முதல் ஆசிரியர்கள். பெரிய கட்டுரைகளோடு, இதழில் குட்டிக் குறிப்புகளுக்கும் ஒரு பகுதி உண்டு. இன்ன ஊரில், இன்ன தேதியில், இந்தப் பறவையைப் பார்த்தேன், இந்தப் பாம்பு இதைத் தின்றது என்ற அளவிலான குறிப்புகள். எழுதியவர்கள் காட்டிலாகா அதிகாரி, ராணுவ டாக்டர், தோட்ட முதலாளி, ரயில்வேக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். இன்று நாம் சிட்டிசன் சயின்ஸ் என்கிறோமே, அதன் பழைய உருவம் இதுதான்.

இதே காலகட்டத்தில் இன்னொரு பாணியும் இருந்தது. காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் ஒரு பெரிய பறவையியலாளர். 1885-ல் அவர் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சேகரிப்பில் பறவைத் தோல், முட்டை எல்லாம் சேர்த்து சுமார் 82,000 மாதிரிகள். அறிவியலுக்கு அதன் மதிப்பு மிகப் பெரியது, சந்தேகமில்லை. ஆனா அந்தப் பாதையில் நடக்கத் துப்பாக்கி வேண்டும், ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். 1900-ல் எய்ட்கென் வெளியிட்ட 'பம்பாயின் சாதாரணப் பறவைகள்' என்ற நூலுக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. தெருவிலும் தோட்டத்திலும் கண்ணில் படும் பறவையை, உயிரோடு இருக்கும்போதே, இன்னதென்று அடையாளம் காண ஒரு நகரவாசிக்கு உதவும் புத்தகம் அது.

இலையைத் தின்பவன் யார்?

அவருடைய அறிவியல் பங்களிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வட கன்னட மாவட்டத்தில் நடந்த வேலை. கார்வார் கடற்கரையும் அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் உள்ள பகுதி. அங்கே மூன்று அரசு அதிகாரிகள் சேர்ந்தார்கள். ஜேம்ஸ் டேவிட்சன், வனத்துறையின் டி.ஆர். பெல், சுங்கத்துறையின் எய்ட்கென். மூவருக்கும் பட்டாம்பூச்சிப் பைத்தியம்.

அன்று பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் பெரும்பாலும் வளர்ந்த பூச்சியைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைப்பார்கள். இவர்கள் கம்பளிப்புழுவின் பின்னால் போனார்கள். எந்தப் புழு எந்தச் செடியின் இலையைத் தின்கிறது, கூட்டுப்புழு எப்படி இருக்கும், அதிலிருந்து எந்தப் பட்டாம்பூச்சி வருகிறது என்பதை வளர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தினமும் புது இலை பறித்துப் போட வேண்டும். கழிவைச் சுத்தம் செய்ய வேண்டும். பாதியில் செத்துப்போனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1890-ல் டேவிட்சனும் எய்ட்கெனும் பம்பாய் மாகாணப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் பற்றிய குறிப்புகளைக் கழக இதழில் வெளியிட்டார்கள். 1890-களின் பிற்பகுதியில் பெல்லும் சேர்ந்து வட கன்னடப் பட்டாம்பூச்சிகள் பற்றி விரிவாக எழுதினார்கள்.

இது ஏன் முக்கியம்? எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம் புழு. எதிரிகள் எச்சம் என்று நினைத்து விட்டுவிடட்டும் என்று அந்த வேஷம். வளர்ந்ததும் இலை நிறத்துக்கு மாறிவிடும். எருக்கஞ்செடியில் மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும் புழு, வெந்தய வரியனுடையது. எருக்கின் நச்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் அது ஒளிந்துகொள்ள வேண்டியதே இல்லை. எந்தப் பட்டாம்பூச்சிக்கு எந்தச் செடி என்று தெரியாமல் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம்கூடப் போட முடியாது. பூ இருந்தால் வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட இலை வேண்டும். வேலியோரம் இருக்கும் எருக்கை வெட்டிவிட்டு, நர்சரியில் பூச்செடி வாங்கி வைத்துப் பட்டாம்பூச்சி வரவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

சிரிக்க முடியாத பக்கங்கள்

1889-ல் 'பிஹைண்ட் த பங்களா' வந்தது. அதற்கு முன்பே டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் வந்த கட்டுரைகள் அவை. பங்களாவின் பின்கட்டில் இருந்தவர்கள்தான் பாத்திரங்கள்: பட்லர், சமையல்காரர், வண்ணார், ஆயா, குதிரைக்காரர், நாயைப் பார்த்துக்கொள்ளும் பையன். பல்லியையும் தவளையையும் கவனித்த அதே கண், அதே கிண்டல். அங்கேதான் உறுத்துகிறது. தவளையை இப்படி எழுதினால் அது சுவை. வேலை செய்யும் மனிதர்களை ஓர் உயிரின வகைபோல வைத்து எழுதுவது வேறு விஷயம். அன்று ஆங்கிலேய வாசகர்கள் ரசித்துப் படித்த புத்தகம் அது. இன்று பல பக்கங்களில் சிரிப்பு வராது.

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு பங்களாத் தோட்டத்தில் காலை முதல் மாலை வரை இருப்பவர் யார்? மாலி என்று அழைக்கப்பட்ட தோட்டக்காரர். புதரில் எந்தப் பறவை கூடு கட்டியது, கிணற்றடியில் எந்தப் பாம்பு வரும், எந்தச் செடியை எந்தப் புழு தின்னும் என்பது அதிகாரிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இயற்கைக் குறிப்புகளில் பெரும்பாலும் பார்த்தவராகப் பதிவாவது பங்களாவின் சொந்தக்காரர் பெயர்தான். எய்ட்கென் மட்டும் செய்த தவறில்லை இது, அந்தக் காலத்தின் வழக்கம். அதனால் இழந்தது எவ்வளவு என்று கணக்கிடவும் வழியில்லை.

கொசு வைத்த பெயர்

புழுதிப்பட்டிப் புத்தகத்தில் கொசுவுக்கும் இடம் இருந்தது. 1883-ல் கொசு வெறும் தொல்லை, அவ்வளவுதான். மலேரியாவைப் பரப்புவது அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் பிறகு எல்லாம் மாறியது.

1902-ல் எய்ட்கெனுக்கு வித்தியாசமான ஒரு வேலை வந்தது. போர்ச்சுகீசியர் வசம் இருந்த கோவாவின் எல்லையோரமாக வரிசையாகச் சுங்கச் சாவடிகள் இருந்தன. அங்கே காவலுக்கு நின்ற உப்புக் காவலர்களை மலேரியா வாட்டியது. காரணத்தை ஆராய்ந்து, அவர்களை அனாஃபிலிஸ் கொசுவின் எல்லைக்கு வெளியே கொண்டுபோக வழி சொல்ல வேண்டும். துறைக்குள் பூச்சிகளைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஆள் இவர்தானே!

20 வருஷம் பொழுதுபோக்காகப் பழகிய கண் இப்போது ஆட்களின் உடல்நலம் சார்ந்த வேலைக்குப் பயன்பட்டது. காட்டோர ஓடை, தேங்கிய தண்ணீர், சாவடிக்கும் நீர்நிலைக்கும் இடையிலான தூரம் என்று தேடிப்போன அந்தப் பயணத்தில், அதுவரை அறிவியல் பதிவு செய்யாத ஒரு அனாஃபிலிஸ் கொசு சிக்கியது. மருத்துவத்துறை அதிகாரி மேஜர் ஜேம்ஸ் அதைப் புதிய இனம் என்று அடையாளம் கண்டார். பெயர், அனாஃபிலிஸ் எய்ட்கெனி. மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசுக்களின் பட்டியலில் அது இல்லை. காட்டு ஓடைகளில் வாழும் இனம். பறவையோ பட்டாம்பூச்சியோ தன் பெயரைத் தாங்க வேண்டும் என்று ஆசைப்படும் இயற்கையாளர்கள் உண்டு. இவருக்குக் கிடைத்தது கொசு. அதுவும் வேலை நேரத்தில் பிடித்தது.

1903 மே மாதம் கராச்சியில் சுங்கம் மற்றும் உப்பு வருவாயின் தலைமை கலெக்டர் ஆனார். 1905 இறுதியில் சிந்து மாகாணத்தின் கெசட்டியரைத் தொகுக்கும் பொறுப்பு வந்தது. 1906 ஆகஸ்டில் ஓய்வு. 30 வருஷ சர்வீஸ்.

தோட்டத்துக் கணக்கு எதற்கு உதவும்?

எய்ட்கென் ஓய்வு பெற்ற இரண்டு வருடத்தில், 1908-ல், பம்பாயில் ஒரு பையன் தான் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைப் பார்த்துக் குழம்பி, அதை எடுத்துக்கொண்டு பி.என்.எச்.எஸ். அலுவலகத்துக்குப் போனான். செயலாளர் டபிள்யூ.எஸ். மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, கழகத்தின் சேகரிப்பையும் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் சலீம் அலி. வீட்டருகே பார்த்த ஒரு பறவையைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்து கேட்கலாம் என்ற கதவு அங்கே திறந்திருந்தது. அந்தக் கதவைப் போட்ட எட்டுப் பேரில் ஒருவர் நம் உப்பு அதிகாரி.

இன்று அதே வேலை பல மடங்கு பெரிதாக நடக்கிறது. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவேற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. 178 இனங்களுக்கு உடனடிப் பாதுகாப்பு முன்னுரிமை தேவை என்று சொன்னது. குயிலும் மயிலும் பெருகிவருகின்றன என்பதும் அதில்தான் தெரியவந்தது. மயில் வந்து தோட்டத்தை நாசம் பண்ணுது என்று ஊரில் பெரியவர்கள் புலம்புவது வெறும் புலம்பல் இல்லை போல!

ஆனால் அந்த அறிக்கையில் பழைய கணக்கு குறைவு என்பது ஒரு பெரிய சிக்கல். 30 வருடத்துக்கு முன் ஒரு ஊரில் எத்தனை சிட்டுக்குருவி இருந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை என்றால், இன்று குறைந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? அரிய பறவையை எல்லோரும் எழுதி வைப்பார்கள். காகத்தையும் மைனாவையும் யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் பிப்ரவரியில் நடக்கும் கிரேட் பேக்யார்டு பேர்டு கவுன்ட், தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றில் குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த எல்லாப் பறவைகளையும், காகம் உட்பட, எண்ணிப் பதியச் சொல்கிறார்கள். மாடி, வாசல், ஆபீஸ் கேம்பஸ், எதுவானாலும் சரி.

ஓய்வுக்குப் பின் எய்ட்கெனுக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. 1909 ஏப்ரல் 11 அன்று எடின்பரோவில் இறந்தார். வயது 57. சிதறிக் கிடந்த கட்டுரைகளைத் தொகுத்து 1914-ல் ஒரு புத்தகம் வந்தது. அவர் ஆசிரியராக இருந்து தொடங்கிவைத்த இதழ் இன்றும் வருகிறது. நாலு வரியில் எங்கே, எப்போது, என்ன பார்த்தேன் என்று சொல்லும் குறிப்புகளுக்கு அதில் இன்றும் தனிப் பகுதி இருக்கிறது.